டீச்சர் சொன்ன ஒருத்தர்

டீச்சருக்கு ஒரு கொள்கை உண்டு. ஆங்கில மரபுத்தொடர்களைப் புத்தகத்தைப் பார்த்து உருப்போட்டால் மறுநாளே மறந்துபோகும். வீட்டில் நடப்பதோடு முடிச்சுப் போட்டால்தான் மண்டையில் நிற்கும். அதனால் அவள் வகுப்பில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு வீட்டுச் சம்பவம் வரும். வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் அல்ல. வாரத்தில் மூன்று நாள், பகல் வேலை முடிந்து வந்த பிறகு மாலையில், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நடத்துகிற ஒரு மணி நேரம். முப்பது நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். சலூன்காரர், நர்ஸ், டாக்ஸி டிரைவர், லிஃப்ட் மெக்கானிக் என்று கலவையான கூட்டம். முகத்தைக் காட்ட வேண்டாம், சொந்தப் பெயரும் வேண்டாம். தப்பாகப் பேசியது யார் என்று தெரியாவிட்டால்தான் கூச்சம் போகும் என்பது டீச்சரின் இன்னொரு கொள்கை. அந்தக் கொள்கைதான் பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

வீட்டில் மூன்று பேர். டீச்சர், அவள் கணவன், அம்மா போன பிறகு இவர்களோடு வந்து சேர்ந்த அவள் அப்பா. அப்பா ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் லாரிகளுக்கு ரிவர்ஸ் சொல்லியே ஓய்வு பெற்றவர். பின்னால் வருகிற லாரிக்குக் கை காட்ட வேண்டும்; சுவரில் இடிக்காமல், குறுக்கே ஆள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களை ஒதுங்கச் சொல்லியே காலம் தள்ளிய மனிதருக்கு, இந்தச் சின்ன வீட்டில் தான் எங்கே ஒதுங்குவது என்று தெரியவில்லை. சமையலறை வாசலில் நிற்பார். ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் சரியாக அதன் முன்னால் நிற்பார். டீச்சர் போனில் பேசி முடித்தால் "யாரும்மா?" என்பார். மாப்பிள்ளை கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கீழே ஓடுவார். காரின் பின்னால் நின்று, "வரலாம், வரலாம்… ஒடி, நல்லா ஒடி… ஹோல்டேன்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தி, டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டுவார். காரில் பின்பக்கம் கேமரா இருப்பதை மாப்பிள்ளை ஒரு தடவை பெருமையாகக் காட்டினான். "கேமரா நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா அது கத்தாதே," என்றார் அப்பா.

டீச்சர் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அப்பாவை வரச் சொன்னதே அவள்தான். வந்தவர் விருந்தாளி இல்லை, இனி இங்கேதான் என்பது மெல்ல உறைத்தபோதுதான் அவளுக்கு முகம் சுருங்க ஆரம்பித்தது. அப்பா பத்து வார்த்தை கேட்டால் இவள் ஒரு வார்த்தை சொல்வாள். அதுவும் பெரும்பாலும் "ம்" தான். ஆனால் திட்டியதே கிடையாது. "நான் ஒரு நாளாவது திட்டியிருக்கேனா?" என்று கணவனிடம் அடிக்கடி கேட்பாள். திட்டாமல் இருப்பதற்கு யாராவது மாலை போட வேண்டும் என்பது போலக் கேட்பாள்.

வீட்டில் அடக்கியதையெல்லாம் வகுப்பில் அவிழ்த்துவிட்டாள். நேராகச் சொல்ல முடியுமா? பூசி மெழுகினாள். "எங்க மேல்மாடியில ஒருத்தர் இருக்காரு," என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கும் கதையைச் சொன்னாள். அது 'அண்டர் மை ஃபீட்' என்ற தொடருக்கு. நடக்கிற இடமெல்லாம் காலுக்கு நடுவில் வந்து மாட்டிக்கொள்கிற ஆள் என்று விளக்கினாள். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வகுப்பில் சலூன்காரர் முதல் ஆளாகக் கேட்டார்: "டீச்சர், நம்ம ஒருத்தர் இன்னைக்கு என்ன பண்ணாரு?"

அன்றிலிருந்து 'ஒருத்தர்' வகுப்பின் கதாநாயகன் ஆகிவிட்டார். காருக்குப் பின்னால் நின்று கத்துகிற கதையை டீச்சர் குரல் மாற்றி நடித்தே காட்டினாள். டாக்ஸி டிரைவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார். எந்த நடிகைக்கும் கைதட்டல் கிடைத்தால் நடிப்பு கூடத்தானே செய்யும்? டீச்சருக்கும் கூடியது. நடந்ததோடு நடக்காததையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பாடம் வந்தது. பிறர் வழியில் குறுக்கே போகாமல் இருப்பதைப் பற்றிய தொடர்கள். ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை! "வெள்ளைக்காரங்களுக்குத் 'தள்ளி நில்லு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது. அதான் இத்தனை சுத்தி வளைக்கிறாங்க," என்றாள். 'கெட் அவுட் ஆஃப் மை ஹேர்' என்றால் என் தலையைத் தின்னாதே. 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' என்றால் உன் வேலையைப் பார். 'கிவ் எ வைட் பெர்த்' என்றால் கிட்டப் போகாமல் நன்றாக விலகிப் போவது, ஒரு கப்பல் இன்னொரு கப்பலைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அந்த 'ஒருத்தர்' வந்தார். மூன்று வாரம் பாடம் அவர் தயவில் ஓடியது.

இந்தப் பாடத்தில் எல்லோரையும் விட நன்றாக எழுதியது 'கடைசி பெஞ்சு'. அந்தப் பெயரில் ஒரு மாணவர் இருந்தார். முகமும் கிடையாது, குரலும் கிடையாது, சிரித்தும் யாரும் கேட்டதில்லை. கேள்விக்குப் பதிலை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவார். முதல் மாதத்தில் எழுத்துக்கு எழுத்துத் தப்பு. பிறகு தப்புக் குறைந்துகொண்டே வந்தது. "கடைசி பெஞ்சைப் பார்த்துக் கத்துக்கோங்க எல்லாரும்," என்று டீச்சர் சொல்லாத நாள் இல்லை.

வீட்டிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. அப்பா சமையலறை வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "யாரும்மா?" போய்விட்டது. மாலையானால் எப்போதும்போல "நடந்துட்டு வரேம்மா" என்று கிளம்பிவிடுவார்; வகுப்பு முடிந்த பிறகுதான் திரும்புவார். ஒரு நாள் மாப்பிள்ளை காரைத் தூணில் உரசிக்கொண்டு வந்து நின்றான்.

"உங்கப்பா ஏன் இப்பல்லாம் கீழ வர்றதில்ல?" என்று கேட்டான்.

"கேமரா இருக்குல்ல? அப்புறம் என்ன? வயசானா ஒரு பக்குவம் வருமே, அது வந்துடுச்சு அவருக்கு," என்றாள் டீச்சர். சொல்லும்போது அவள் குரலில் நிம்மதி இருந்தது. கணவன் தூணில் உரசிய இடத்தைத் துணியால் தேய்க்கப் போய்விட்டான்.

கடைசித் தொடர் 'மேக் யுவர்செல்ஃப் ஸ்கேர்ஸ்'. நீ இருப்பது இடைஞ்சல் என்று தெரிந்தால், சொல்லாமல் கொள்ளாமல் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுவது. எல்லோரையும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். கடைசி பெஞ்சு தப்பே இல்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: கிழவர் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டார், இப்போது அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

"அடடா, சூப்பர் கடைசி பெஞ்சு!" என்றாள் டீச்சர். "இதை யாராவது நம்ம ஒருத்தருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டுக்கு நன்றி சொல்ல நினைத்தாரோ, விரல் தவறிப் பட்டதோ, கடைசி பெஞ்சின் மைக் திறந்துகொண்டது. முதலில் ஒரு கார் உறுமும் சத்தம். அடுத்து ஏதோ கதவு திறக்கிற சத்தம். பிறகு ஒரு குரல், வகுப்பு முழுக்க அதிர: "ஏம்மா, பின்னால சைக்கிள் நிக்குது! ஹோல்டேன்! ஹோல்டேன்! …ம், இப்ப ஒடிங்க. வரலாம், வரலாம்…"

அதே குரல், அதே வார்த்தை, டீச்சரின் ஒரு காதில் ஹெட்போன் வழியாகவும் இன்னொரு காதில் ஜன்னல் வழியாகவும் கேட்டது.

அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே, கார் நிறுத்துமிடத்தில், எதிர்வீட்டு அம்மாளின் காருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். ஒரு கையில் போன். தங்கள் காரின் முன்கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா நடக்கவே போகவில்லை. இத்தனை நாளும் அந்தக் காருக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்.

"டீச்சர், கடைசி பெஞ்சு வீட்டுலயும் ஒரு ஒருத்தர் இருக்காரு போல!" என்றார் சலூன்காரர். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே அப்பா போனைப் பார்த்தார், பதறிப்போய் எதையோ அழுத்தினார். மைக் மூடிக்கொண்டது. டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைவலி என்று சொல்லி வகுப்பை அத்தோடு முடித்தாள். பொய் சொல்ல மட்டும் அப்போதும் நாக்கு நன்றாகவே வேலை செய்தது.

கணவனைப் பிடித்துக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"என்கிட்டத்தான் வகுப்புல சேத்துவிடச் சொன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு கார் சாவியைக் குடுத்துட்டுப் பேசாம இருந்துட்டேன்."

"வகுப்புல நான் என்ன பேசுறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீதான் கதவைச் சாத்திக்கிறியே. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், குரல் மாற்றி நடித்ததையும், இல்லாததைச் சேர்த்ததையும். கணவன் முகத்தில் ஈயாடவில்லை. "பாடம் கேட்டு மனுஷன் சந்தோஷமா இருக்காருன்னு நினைச்சேன்," என்றான். அவன் திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார்: "என்கூட கிடங்குல வேலை பார்த்தவன் ஒருத்தன், தனியாத்தான் இருக்கான். அவன் வீட்ல ஒரு ரூம் சும்மா கிடக்குதாம். வாடா வாடான்னு உயிரை வாங்குறான். ஞாயித்துக்கிழமை போறதா சொல்லிட்டேன்."

கணவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தட்டைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மன்னிச்சிடுங்கப்பா' என்பது ஒன்றும் பல்லை உடைக்கிற வார்த்தை இல்லை. ஆனால் சொன்னால், தனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பது? "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்," என்றாள். இதைவிட மட்டமாக ஒரு மனுஷி நடந்துகொள்ள முடியாது என்று அவளுக்கே தோன்றியது.

அடுத்த வகுப்புக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். எந்த இடத்தில் பேசினாளோ அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது. அப்பாவும் கேட்டுக்கொண்டிருப்பார், எதிரில் நிற்கவும் வேண்டாம். வகுப்பு ஆரம்பித்தது. கடைசி பெஞ்சு வந்திருந்தார். சலூன்காரர் வழக்கம்போல 'ஒருத்தரை'ப் பற்றி விசாரித்தார்.

"இன்னைக்குப் பாடம் இல்ல," என்றாள் டீச்சர். "அந்த ஒருத்தர் மேல்மாடிக்காரர் இல்ல. எங்க அப்பா. எங்க வீட்டுலதான் இருக்காரு. நான் அவரை வெச்சு உங்களைச் சிரிக்க வெச்சேன். பாதிக் கதை நானே கட்டி விட்டது. அவர் ரொம்ப நல்லவர். என்னைப் படிக்க வெச்சதே அவர்தான்…" அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் நிறையச் சொன்னாள். அம்மா போனதைச் சொன்னாள், தனியாக இருந்தவரைக் கூட்டிவந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசானது. நன்றாகத்தான் பேசினாள், பேச்சு அவளுக்குக் கைவந்த கலை.

நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இதை அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்?"

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. இதையும் எங்ககிட்டயே ஏன் சொல்றீங்க?"

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். கடைசி பெஞ்சின் பெயர்ப் பெட்டி இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் எப்போது வெளியேறினார் என்று அவள் கவனிக்கவில்லை. அழுவதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறாள். கேலி செய்தபோது வகுப்பை விட்டுப் போகாத மனிதர், அவள் மன்னிப்புக் கேட்டபோது எழுந்து போயிருக்கிறார். மறுபடியும் அவரைத்தான் நாற்பது பேர் முன்னால் நிறுத்தியிருக்கிறோம், இந்தத் தடவை கண்ணீரோடு, என்பது புரிந்ததும் அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. லேப்டாப்பை மூடக்கூட இல்லை. செருப்பு மாட்டாமல் கீழே இறங்கினாள்.

அப்பா காருக்குள் இருந்தார், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். போன் மடியில் அணைந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் கதவைத் திறந்து இறங்கப் போனார்.

"வகுப்பை விட்டுட்டு ஏம்மா வந்தே? அத்தனை பேரும் காத்துட்டு இருப்பாங்களே."

"உக்காருங்கப்பா." அவள் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள், எங்கோ ஓட்டிக்கொண்டு போகப் போவது போல. முன்கண்ணாடிக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

"எதுக்குப்பா சேர்ந்தீங்க?"

"நீ எப்படிப் பாடம் நடத்துறேன்னு பாக்கணும்னு ஆசை. எல்லாரும் உன்னை டீச்சர் டீச்சர்ங்கிறாங்களே. ஒரு நாள் கேட்டுட்டு விட்டுடலாம்னுதான் வந்தேன்."

"அதுக்கப்புறம் நான் அப்படியெல்லாம் பேசினேனே. அப்பவே விட்டுட்டுப் போயிருக்கலாம்ல? ஏன் கேட்டுட்டே இருந்தீங்க?"

அப்பா யோசித்தார். குற்றம் சொல்வதற்கு வார்த்தை தேடுகிற யோசனை இல்லை. கணக்குக்கு விடை கேட்டால் பையன்கள் யோசிப்பார்களே, அந்த மாதிரி.

"வாரத்துக்கு மூணு நாள் நீ என்னைப் பத்திப் பேசினே," என்றார். "வீட்ல அது இல்லையேம்மா."

டீச்சர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதால் அதுவும் தனக்காக அழுவது போல ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கே கைதட்ட ஆள் இல்லை. தலையைத் தூக்காமலே, "போகாதீங்கப்பா," என்றாள்.

"ஏன்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கும் என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவர் ஒதுங்கிப்போன அந்த நாட்களில் வீடு வெறிச்சென்று இல்லை, வசதியாக இருந்தது. அதை அவரும் பார்த்திருக்கிறார். வாக்கியமாகவே எழுதி அனுப்பினார், அவள் சூப்பர் என்று சொன்னாள்.

"நான் போனா உனக்கு அசிங்கமா இருக்கும். அதானே?" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. "இப்ப வகுப்புல வேற எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்காக நான் இருக்க முடியுமா? அவன்கிட்ட வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்மா. அடிக்கடி வந்துட்டுப் போறேன். நீயும் வா."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. மீதிப் பாதி என்ன என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் பையோடு நடந்து வந்தவள், காருக்குள் இவர்களைப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

"நான் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கட்டுமா?" என்றாள் டீச்சர்.

"இரு. யார் வேணாங்கிறா?"

இருந்தாள். இவரைப் பற்றி நாற்பது பேரிடம் மணிக்கணக்கில் பேசியவளுக்கு இவரிடம் பேச ஒரு வாக்கியம் தேறவில்லை. அப்பாவைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று தேடிப் பார்த்தாள். அவர் எங்கெங்கே நிற்பார் என்பதுதான் தெரிந்தது. கடைசியில், தெரியாததில் ஒன்றைக் கேட்டாள்.

"அப்பா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க? நான் எழும்போது நீங்க குளிச்சு முடிச்சு ரெடியா இருக்கீங்க."

"நாலு, நாலே கால் இருக்கும்."

"அவ்வளவு சீக்கிரமா? ஏன், தூக்கம் வரலையா?"

"தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது. அலாரம் வெச்சுதான் எழுறேன்," என்றார் அப்பா. "நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு அவசரமா கிளம்புவீங்க. அந்த நேரத்துல நான் போய் பாத்ரூம்ல உக்காந்துட்டா உங்களுக்குக் கஷ்டம்ல?"

இவ்வளவு நாளும் காலையில் குளியலறை காலியாகக் கிடப்பதை டீச்சர் ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை.